தடுப்புக்கு மேலே ஒரு தெரு

டைட்டானிக் என்றதும் எல்லோருக்கும் அந்தப் பெரிய மாடிப்படிதான் ஞாபகம் வரும். கண்ணாடிக் குவிமாடம், செதுக்கிய ஓக் மரம், கீழே இறங்கிவரும் சீமாட்டிகள். அதே படிக்கட்டில் படகுத் தளத்திலிருந்து இறங்கிக்கொண்டே இருந்தால், அலங்காரமெல்லாம் குறைந்து கடைசியில் சாதாரணப் படியாகி ஓரிடத்தில் முடியும். அதுதான் 'ஈ' தளம். படகுத் தளத்துக்குக் கீழே தளங்களுக்கு ஏ, பி, சி என்று ஆங்கில எழுத்து வரிசையில் பெயர். முதல் வகுப்பின் மூன்று லிஃப்டுகளும் அங்கேயே நின்றுவிடும். கப்பலில் எனக்குப் பிடித்த இடம் அதுதான், ஏனென்றால் மூன்று வகுப்புப் பயணிகளும் ஊழியர்களும் ஒரே மட்டத்தில் படுத்துத் தூங்கிய தளம் அது.

ஒரே மட்டம் என்றுதான் சொன்னேன், ஒன்றாக அல்ல. தளத்தின் நடுவில் கொதிகலன்களுக்கும் என்ஜின்களுக்கும் மேலாகப் பெரிய இரும்புக் கூடுகள் எழும்பி நின்றன. புகையும் சூடும் மேலே போக வேண்டுமே, அதற்குத்தான். இந்தக் கூடுகள் தளத்தை நீளவாக்கில் இரண்டாகப் பிரித்தன. வலப்பக்கம் முதல் வகுப்பு அறைகள், பின்னால் போகப் போக இரண்டாம் வகுப்பு. இடப்பக்கத்தில் பெரும்பகுதி பணியாளர்கள், சமையல்காரர்கள் என ஊழியர்களின் அறைகள். முன்மூக்குப் பக்கம் மாலுமிகளும் கரி அள்ளுபவர்களும் இருந்தார்கள். வால்பக்கம் மூன்றாம் வகுப்பு.

யாருக்கு எந்த இடம் என்பதற்குப் பின்னால் கொஞ்சம் இயற்பியல் உண்டு. பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். அலையில் கப்பல் முன்னும் பின்னுமாக ஏறி இறங்கும்போது நடுப்பகுதி அதிகம் அசையாது, இரண்டு முனைகளும்தான் தூக்கிப் போடும். வால்பக்கம் இன்னொரு தொல்லை, அடியில் சுழன்று கப்பலைத் தள்ளும் விசிறிகளின் அதிர்வு. ஆகவே நடுவில் பணக்காரர்கள், முனைகளில் ஏழைகள். 'ஈ' தளத்தில் இருந்த முதல் வகுப்பு அறைகள் அந்த வகுப்பிலேயே விலை குறைந்தவை. தேவைப்பட்டால் இரண்டாம் வகுப்புக்கு மாற்றிக் கொடுக்கிற மாதிரி சில அறைகளை அமைத்திருந்தார்கள். டிக்கெட் எந்தப் பக்கம் அதிகம் விற்கிறதோ அந்தப் பக்கம் சாய்ந்துகொள்ளலாம். வியாபாரம்!

இரண்டாம் வகுப்பு அறைகளின் கை கழுவும் தொட்டியைப் பாருங்கள். சுவரோடு நின்ற மர அலமாரி அது. முன்பலகையை இழுத்து இறக்கினால் பீங்கான் தொட்டி வரும். குழாய் இணைப்பு கிடையாது. மேலே ஒரு சிறிய தொட்டியில் பணியாளர் தண்ணீர் ஊற்றி வைப்பார். முகம் கழுவிவிட்டுப் பலகையைத் தூக்கி மூடினால், அழுக்குத் தண்ணீர் கீழே இருக்கிற வாளியில் விழும். அப்புறம் அந்த வாளியைக் கொட்டுவதற்கும் ஒரு ஆள்.

இத்தனை வாளிகளும் தட்டுகளும் துணிமூட்டைகளும் போகவர வழி வேண்டும். இடப்பக்கத்தில், ஏறக்குறைய கப்பலின் முழு நீளத்துக்கும், அகலமான ஒரு நடைபாதை ஓடியது. மாலுமிகள் அதற்கு 'ஸ்காட்லாந்து ரோடு' என்று பெயர் வைத்தார்கள். லிவர்பூலில் உழைப்பாளிகள் நெரியும் தெரு அது. அதிகாரிகளோ லண்டனின் பணக்காரத் தெருவான 'பார்க் லேன்' பெயரைச் சொல்லி அழைத்தார்களாம். ஒரே பாதைதான், நடப்பவரைப் பொறுத்துப் பெயர்.

சரி, 269 மீட்டர் நீளக் கப்பலில் இப்படித் தடையில்லாத ஒரு பாதை எப்படிச் சாத்தியமானது? விஷயம் இங்கேதான் இருக்கிறது. கப்பலின் குறுக்கே 15 தடுப்புச் சுவர்கள் எழுப்பி, அடிப்பகுதியை 16 அறைகளாகப் பிரித்திருந்தார்கள். ஒன்றில் தண்ணீர் புகுந்தாலும் அடுத்ததுக்குப் போகாது. ஆனால் நடுப்பகுதிச் சுவர்கள் 'ஈ' தளத்தின் தரையோடு முடிந்துவிட்டன. அதற்கு மேலும் அவை போயிருந்தால், ஸ்காட்லாந்து ரோட்டின் நடுவில் சுவருக்குச் சுவர் ஒரு இரும்புக் கதவு வைக்க வேண்டியிருக்கும். வசதியான தெருவும் குட்டையான தடுப்பும் ஒரே முடிவின் இரண்டு விளைவுகள்.

வயலில் வரப்பு கட்டுவதைப் போலத்தான். ஒரு பாத்தியில் தண்ணீர் வரப்பின் உயரத்துக்குள் இருக்கும்வரை அடுத்த பாத்திக்குக் கவலையில்லை. வரப்பைத் தாண்டிவிட்டால் பாத்தி பாத்தியாக ஓடும். டைட்டானிக் முதல் நான்கு அறைகள் நிறைந்தாலும் மிதக்கும்படி கட்டப்பட்ட கப்பல். 1912 ஏப்ரல் 14 இரவு 11:40 மணிக்கு இடித்த பனிப்பாறை அதைவிடக் கூடுதலான அறைகளைத் திறந்துவிட்டது. மூக்கு தாழத் தாழ, முன்பக்கத் தண்ணீர் சுவரின் உச்சியைத் தாண்டிப் பின்னால் வழிந்தது. கப்பலை வடிவமைத்தவர்களில் ஒருவரான தாமஸ் ஆண்ட்ரூஸ் அதில் இருந்தார். சேதத்தைப் பார்த்ததுமே அவருக்குக் கணக்கு புரிந்துவிட்டது. 2:20 மணிக்கு எல்லாம் முடிந்தது.

இடித்ததும் முதலில் வலப்பக்கம் சாய்ந்த கப்பல், பின்னால் இடப்பக்கம் சாயத் தொடங்கியது. ஸ்காட்லாந்து ரோடு வழியாகத் தண்ணீர் பின்பக்கம் பாய்ந்ததும் இதற்கு ஒரு காரணம் என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதற்கு முன்பே அந்தப் பாதையில் மனிதர்கள் ஓடத் தொடங்கியிருந்தார்கள். முன்மூக்குப் பக்கத்துக் கீழ்த் தளங்களில் தங்கியிருந்த மூன்றாம் வகுப்பு ஆண்கள், பெட்டி படுக்கையோடு வால்பக்கம் போனது அந்த வழியாகத்தான்.

டைட்டானிக்குக்கு முன்பு அதே மாதிரி கட்டப்பட்ட அக்கா கப்பல் ஒலிம்பிக்கை அதே ஆண்டு அக்டோபரில் பட்டறைக்குக் கொண்டுபோய், சில தடுப்புச் சுவர்களை 'பி' தளம் வரை உயர்த்திக் கட்டினார்கள். ஈயிலிருந்து பி வரை, மூன்று மாடி கூடுதல். அந்தக் கப்பல் 1935 வரை அட்லாண்டிக்கில் ஓடியது.