மார்ச் 4-ஆ, ஏப்ரல் 3-ஆ?

டேட்டாபேஸுக்குள் தேதி எப்படி உட்கார்ந்திருக்கும் என்று கேட்டால், பலரும் 04/03/2024 மாதிரி ஒன்றைத்தான் மனதில் நினைப்பார்கள். உள்ளே சாய்கோடும் இல்லை, புள்ளியும் இல்லை. மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருளான எஸ்கியூஎல் சர்வரில், தேதியையும் நேரத்தையும் சேர்த்து வைக்கும் ‘டேட்டைம்’ வகை 8 பைட் எடுத்துக்கொள்ளும். 1900 ஜனவரி 1-இலிருந்து எத்தனை நாள் என்பதற்கு 4 பைட். நள்ளிரவு கழிந்து எவ்வளவு நேரம் என்பதற்கு 4 பைட். அந்த நேரத்தையும் ஒரு விநாடியை 300 துண்டாக்கித்தான் எண்ணும். போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸ் 2000 ஜனவரி 1-இலிருந்து மைக்ரோ விநாடிகளை எண்ணுகிறது. எஸ்கியூலைட் என்ற டேட்டாபேஸில் தேதிக்கென்று தனி வகையே கிடையாது. அது வேறு கதை.

செயலி எழுதப் பயன்படும் ஜாவா, டாட்நெட் பக்கமும் தேதி எண்ணாகத்தான் இருக்கிறது. இரண்டு பக்கமும் எண்கள் இருக்க, நடுவில் நாம்தான் அதை எழுத்தாக்கி, குவரியோடு, அதாவது டேட்டாபேஸுக்குப் போகும் கட்டளையோடு, ஒட்டி அனுப்புகிறோம். வம்பு அங்கேதான் தொடங்குகிறது.

04/03/2024 நமக்கு மார்ச் 4. சர்வர் அமெரிக்க அமைப்பில் இருந்தால் அதற்கு ஏப்ரல் 3. இதே வேலையை 25/03 அன்று செய்தால் 25-ஆவது மாதம் இல்லை என்று எரர் வரும், உடனே பிடித்துவிடலாம். நாள் 12-க்குள் இருந்தால் சத்தமே வராது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: மாதத்துக்கு 12 நாள் வீதம் வருடத்தில் 144 நாட்கள். 05/05 போன்ற 12 நாட்கள் எப்படிப் படித்தாலும் சரியாக வரும். மீதி 132 நாட்கள் தப்பான தேதியாகவே பதிவாகும். மாதக் கடைசியில் சோதித்துவிட்டு எல்லாம் சரி என்று நினைத்தால், ஒன்றாம் தேதி பிறந்ததும் கணக்கு உதைக்கும்.

‘வருடத்தை முன்னால் போட்டுவிட்டால் போதுமே, ஐஎஸ்ஓ 8601 என்ற உலகத் தரம் இருக்கிறதே’ என்பார்கள். பெரும்பாலும் சரிதான். ஆனால் எஸ்கியூஎல் சர்வரில் மொழி பிரிட்டிஷ் ஆங்கிலம் என்றிருந்தால், பழைய ‘டேட்டைம்’ வகை 2024-03-04 என்பதைக்கூட ஏப்ரல் 3 என்று படிக்கும்! நடுவில் கோடில்லாமல் 20240304 என்று கொடுத்தால் குழம்பாது. பின்னால் வந்த ‘டேட்’, ‘டேட்டைம்2’ வகைகளில் இந்தத் தொல்லை இல்லை.

இதையெல்லாம் மனப்பாடம் செய்வதைவிட, தேதியை எழுத்தாக்காமலே அனுப்புவது மேல். குவரியில் தேதி வரும் இடத்தைக் காலியாக விட்டு, மதிப்பை பாராமீட்டராகத் தனியே கொடுத்தால், அதை எப்படிக் கொண்டுபோவது என்பதை டேட்டாபேஸோடு செயலியை இணைக்கும் டிரைவர் மென்பொருள் பார்த்துக்கொள்ளும். குவரிக்குள் வேண்டாத கட்டளையை நுழைக்கும் எஸ்கியூஎல் இன்ஜெக்‌ஷன் தாக்குதலுக்கும் இதுவே தடுப்பு. பார்மேட் என்பது திரையில் காட்டும்போது மட்டும் தேவைப்படுகிற விஷயம்.

அப்புறம் நேர மண்டலம். இந்தியாவில் எழுதப்படும் செயலிகளின் டேட்டாபேஸில் 18:30 என்ற நேரம் வரிசையாக நின்றால் உடனே சந்தேகப்படலாம். ஜாவாஸ்கிரிப்டில் பிறந்த தேதியாக மார்ச் 4-ஐத் தேர்ந்தெடுக்கிறோம். அது இங்கே நள்ளிரவு 00:00 என்று பதிகிறது. ஐஎஸ்ஓ வடிவத்துக்கு மாற்றும்போது உலகப் பொது நேரத்துக்காக ஐந்தரை மணி நேரம் கழிகிறது. கிடைப்பது மார்ச் 3, 18:30. சேமிக்கும்போது நேரத்தை வெட்டிவிட்டால், குழந்தை ஒரு நாள் முன்னதாகப் பிறந்துவிடும்.

பிறந்த தேதிக்கு நேரமே வேண்டாம். ‘டேட்’ வகையில் வைத்து, அதற்கு மண்டலக் கணக்கே போடாமல் விட வேண்டும். பணம் செலுத்திய நொடி போல நடந்து முடிந்தவற்றுக்குப் பொது நேரம் சரி. அடுத்த வருடம் லண்டனில் காலை 10 மணிக்குச் சந்திப்பு என்றால் மட்டும் உள்ளூர் நேரத்தையும் மண்டலத்தின் பெயரையும் சேர்த்தே வைக்க வேண்டும். கோடைகால நேர விதியை அந்நாட்டு அரசு இடையில் மாற்றினாலும், சந்திப்பு 10 மணிக்குத்தானே!