யாருக்காக வந்திருக்கிறாய் என்று கேட்காத அனுமதிகள்

சில மாதங்களுக்கு முன் ஒரு நிறுவனத்தின் ஏ.டபிள்யூ.எஸ். (அமேசானின் மேகச் சேவை) கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். கோப்புகளைச் சேமிக்கும் எஸ்3 சேவையின் ஒரு பக்கெட்டில் இன்வாய்ஸ் கோப்பு வந்து விழுந்ததும், லாம்டா ஃபங்ஷன் என்ற சிறு நிரல் ஓடும், கோப்பைப் படித்து டேட்டாபேஸில் ஏற்றும். லாம்டாவை யார் கூப்பிடலாம் என்று சொல்லும் பாலிசியில் எஸ்3 சேவைக்கு அனுமதி கொடுத்திருந்தார்கள், எந்தப் பக்கெட் என்றும் எழுதியிருந்தார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பக்கெட்டை அழித்து ஒரு வருடம் ஆகிவிட்டது. வேலை புதிய பக்கெட்டுக்கு மாறிவிட்டது, பழைய அனுமதி மட்டும் அப்படியே கிடந்தது.

"பக்கெட்டே இல்லையே சார், அப்புறம் என்ன ஆபத்து?" என்று அங்கிருந்த டெவலப்பர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

எஸ்3 பக்கெட்டின் ஏ.ஆர்.என்.னில், அதாவது ஏ.டபிள்யூ.எஸ்.ஸில் அதைக் குறிக்கும் முகவரியில், கணக்கு எண் இருக்காது, பெயர் மட்டும்தான். அழித்துவிட்ட பக்கெட்டின் பெயரை வேறு எவரும் எடுத்துக்கொள்ளலாம். அதே ரீஜியனில், அதே பெயரில், ஒருவர் தன் கணக்கில் பக்கெட் திறந்து, கோப்பு வந்தால் இந்த லாம்டாவைக் கூப்பிடு என்று நோட்டிஃபிகேஷன் வைத்துவிட்டால் போதும், உங்கள் லாம்டா ஓடும். லாம்டாவின் ஏ.ஆர்.என். அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், உண்மைதான், ஆனால் அது ரகசியமாகக் காக்கப்படும் விஷயம் இல்லை, லாக்கிலும், நிரல்களைச் சேமிக்கும் கிட் ரெப்போவிலும் கண்ணில் படும் இடத்திலேயே இருக்கும். லாம்டாவின் ரோலுக்கும், அதாவது அது எந்த உரிமைகளோடு ஓடுகிறதோ அதற்கும், பழைய பக்கெட்டைப் படிக்கும் அனுமதி நீக்கப்படாமல் இருந்ததால், அவர் போடும் போலி இன்வாய்ஸ் நேராக டேட்டாபேஸுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். நல்லவேளை, அந்தப் பெயரை அதுவரை யாரும் எடுத்திருக்கவில்லை.

அபார்ட்மென்ட் வாட்ச்மேனிடம் "கூரியர்காரர் வந்தால் உள்ளே விடுங்கள்" என்று சொல்லிவைக்கிறோம். வந்தவர் உண்மையான கூரியர்காரர்தான், அடையாள அட்டையும் சரிதான். பார்சலை அனுப்பியது யார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. மேகச் சேவைகளுக்கு நாம் தரும் அனுமதிகளில் பல இப்படித்தான் இருக்கின்றன. எஸ்3, கணக்கில் நடப்பதை லாக்காகப் பதியும் கிளவுட்ட்ரெயில், அறிவிப்பு அனுப்பும் எஸ்.என்.எஸ். எல்லாமே எல்லாக் கணக்குகளுக்கும் பொதுவான சேவைகள். பாலிசியில் யாருக்கு அனுமதி என்று சொல்லும் பிரின்சிபல் என்ற இடத்தில் சேவையின் பெயரை மட்டும் எழுதினால், அந்தச் சேவை எவர் சார்பில் வந்தாலும் கதவு திறக்கும்.

இதற்குக் கன்ஃப்யூஸ்டு டெபுட்டி (குழம்பிப்போன பிரதிநிதி) என்று பெயர் வைத்தவர் கணினிப் பொறியாளர் நார்ம் ஹார்டி, 1988இல் எழுதிய ஒரு சிறு கட்டுரையில். அவர் சொன்னது நிரலைக் கணினிக்கு ஏற்ற வடிவில் மாற்றும் ஒரு கம்பைலரின் கதை. தன் கோப்புறையில் எழுத கம்பைலருக்கு உரிமை இருந்தது, பில்லிங் கோப்பும் அங்கேயேதான் இருந்தது. ஒரு பயனர், பிழை தேட உதவும் டீபக் விவரங்களை எழுதவேண்டிய கோப்பாக அந்த பில்லிங் கோப்பின் பெயரைக் கொடுக்க, கம்பைலர் தன் உரிமையைப் பயன்படுத்தி அதன்மேலேயே எழுதிவிட்டது. பயனருக்கு இல்லாத உரிமை கம்பைலர் வழியாகக் கிடைத்துவிட்டது.

2021 பிளாக் ஹேட் கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் விஸ் நிறுவன ஆய்வாளர்கள் காட்டியதும் இதே வகைதான். அப்ளிகேஷன்களைப் பகிர உதவும் சர்வர்லெஸ் அப்ளிகேஷன் ரெப்பாசிட்டரி என்ற சேவை உங்கள் பக்கெட்டைப் படிக்கலாம் என்று நிபந்தனை இல்லாமல் அனுமதி தந்திருந்தால், வெளியாள் ஒருவர் தன் அப்ளிகேஷனுக்கு ரீட்மீ கோப்பு என்று உங்கள் பக்கெட்டில் உள்ள கோப்பைக் காட்டி, அந்தச் சேவை வழியாகவே அதைப் படித்துவிட முடிந்தது.

சேவையே இதைத் தடுக்க வேண்டாமா என்றால், வேண்டும்தான், பல இடங்களில் தடுக்கவும் செய்கிறது. ஆனால் 2022இல் டேட்டாடாக் நிறுவன ஆய்வாளர்கள் ஆப்சிங்க் என்ற ஏ.டபிள்யூ.எஸ். சேவையில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். ரோல் வேறு கணக்குடையதா என்று பார்க்கும் சோதனையை, அளவுருப் பெயரில் பெரிய எழுத்து சிறிய எழுத்தை மாற்றியே தாண்ட முடிந்தது. ஏ.டபிள்யூ.எஸ். சில நாட்களில் சரிசெய்துவிட்டது. எனக்கு அதிலிருந்து நிச்சயமானது ஒன்றுதான், நம் பக்கத்துப் பூட்டை நாமே போட்டுக்கொள்ள வேண்டும்.

அந்தப் பூட்டு, பாலிசியின் கண்டிஷன் பகுதியில் வரும் சோர்ஸ்ஏ.ஆர்.என்., சோர்ஸ்அக்கவுண்ட் இரண்டும்தான். முதலாவது எந்த ரிசோர்ஸுக்காகச் சேவை வந்திருக்கிறது என்று கேட்கும், இரண்டாவது எந்தக் கணக்குக்காக என்று கேட்கும். எஸ்3 வரும் இடங்களில், பக்கெட்டின் ஏ.ஆர்.என்.னில் கணக்கு எண் இல்லாததால், இரண்டையும் சேர்த்தே போடுங்கள். பல கணக்குகள் உள்ள நிறுவனமாக இருந்தால் சோர்ஸ்ஆர்க்ஐடி என்று ஒன்று இருக்கிறது, கணக்குகளை ஒவ்வொன்றாக அடுக்கவேண்டியதில்லை.

வெளி வெண்டாருக்கு ரோல் கொடுக்கும்போது கதை வேறு, அங்கே வெண்டார் எந்த வாடிக்கையாளருக்காக வந்திருக்கிறார் என்று காட்டும் எக்ஸ்டர்னல்ஐடி வேண்டும். அதை வெண்டார்தான் உருவாக்கி, வாடிக்கையாளருக்கு ஒன்றாகத் தனித்தனியாகத் தர வேண்டும். "உங்களுக்குப் பிடித்ததைப் போட்டுக்கொள்ளுங்கள்" என்று ஒரு வெண்டார் சொன்னால், அவருக்கு இந்த விஷயம் புரியவில்லை என்று அர்த்தம், நான் அங்கேயே நிறுத்திக் கேள்வி கேட்பேன்.

எங்கே தொடங்குவது? ஏ.டபிள்யூ.எஸ்.ஸில் அனுமதிகளை ஆராயும் கருவியான ஐ.ஏ.எம். ஆக்சஸ் அனலைசரின் பாலிசி சோதனையில் உங்கள் பாலிசிகளைக் கொடுத்துப் பாருங்கள், இப்படி நிபந்தனையில்லாமல் சேவைக்கு அனுமதி தந்திருந்தால் எச்சரிக்கை வரும். திருத்தும்போது ஒன்றில் மட்டும் கவனம். ஏ.ஆர்.என்.னில் எதுவும் பொருந்தட்டும் என்று நட்சத்திரக் குறி வைத்தால், ஒப்பிடும் முறையாக ஸ்ட்ரிங்ஈக்வல்ஸ் போடாதீர்கள், ஏ.ஆர்.என்.லைக் போடுங்கள். முன்னது நட்சத்திரத்தை வெறும் எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும், எதுவும் பொருந்தாது, கிளவுட்ட்ரெயில் பக்கெட்டாக இருந்தால் லாக் வருவதே நின்றுவிடும். பாலிசியைச் சேமித்த பிறகு அடுத்த லாக் கோப்பு வந்து சேர்ந்ததா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.