இரத்தப் புற்றுநோய்க்கு எதற்கு அறுவை சிகிச்சை?

கட்டி என்றால் வெட்டி எடுக்கலாம். இரத்தத்திலேயே புற்றுநோய் என்றால் எதை வெட்டுவது? நியாயமான கேள்விதான். நாள்பட்ட லிம்போசைட்டிக் லுக்கேமியா என்பது லிம்போசைட் என்ற வெள்ளணுக்களில் வரும் இரத்தப் புற்றுநோய். இதில் நோயணுக்கள் எலும்பு மஜ்ஜை, நிணநீர்க் கணுக்கள், இரத்தம் என்று எங்கும் பரவியிருக்கும். அறுவை சிகிச்சையால் அந்த நோயைக் குணமாக்க முடியாது. ஆனாலும் மிகச் சிலருக்கு மண்ணீரலை எடுத்துவிடலாம் என்று மருத்துவர்கள் சொல்வதுண்டு.

மண்ணீரல் இடது விலா எலும்புகளுக்கு அடியில் இருக்கிறது. எடை சுமார் 150 கிராம். இரத்தத்தைச் சல்லடைபோல் சலித்து, வயதான சிவப்பணுக்களையும் கிருமிகளையும் பிடித்து அழிப்பது அதன் வேலை. இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களில் மூன்றில் ஒரு பங்கு எப்போதும் அங்கேதான் தங்கியிருக்கும். நோயணுக்கள் குவியக் குவிய அது வீங்கி ஒரு கிலோவையும் தாண்டும். இரண்டு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடும். அதைவிடப் பெரிய தொல்லை, மிகவும் வீங்கிய மண்ணீரல் தட்டணுக்களில் 90 சதவீதம் வரை தன்னிடமே பிடித்து வைத்துக்கொள்வதுதான். மஜ்ஜை போதுமான அளவு தயாரித்தாலும் பரிசோதனையில் எண்ணிக்கை குறைவாகவே வரும். லேசாக இடித்துக்கொண்டாலும் தோல் கன்றிப்போகும்.

சிலருக்கு உடலின் எதிர்ப்பு சக்தியே குழம்பி, சொந்தச் சிவப்பணுக்கள் மீதும் தட்டணுக்கள் மீதும் எதிர்ப்புரதங்களை ஒட்டிவிடும். அப்படி அடையாளம் இடப்பட்ட அணுக்களைப் பெரும்பாலும் மண்ணீரல்தான் விழுங்குகிறது. ஸ்டீராய்டும் மற்ற மருந்துகளும் கைகொடுக்காதபோது அதை அகற்றினால் எண்ணிக்கை சில நாட்களிலேயே ஏறத் தொடங்கலாம். ஆனால் குறைவுக்குக் காரணம் மஜ்ஜையே நோயணுக்களால் அடைபட்டதாக இருந்தால் இந்தப் பலனை எதிர்பார்க்க முடியாது. அதனால் முடிவெடுக்கும் முன் மஜ்ஜையின் நிலையைக் கேட்டுத் தெரிந்துகொள்வது ரொம்ப முக்கியம்.

ஹேரி செல் லுக்கேமியா என்ற அரிய வகைக்கு 1980கள் வரை மண்ணீரலை அகற்றுவதுதான் முதன்மைச் சிகிச்சை. பிறகு இன்டர்ஃபெரான், கிளாட்ரிபின் போன்ற மருந்துகள் வந்து அந்த இடத்தைப் பிடித்தன. நாள்பட்ட லிம்போசைட்டிக் லுக்கேமியாவிலும் இப்போது மாத்திரைகளே வீங்கிய மண்ணீரலைச் சுருக்கிவிடுவதால் அறுவை சிகிச்சை இன்னும் அரிதாகிவிட்டது.

இப்போது பெரும்பாலும் சிறு துளைகள் வழியாகவே செய்கிறார்கள். உறுப்பு மிகப் பெரிதாக இருந்தால் வயிற்றைத் திறக்க வேண்டிவரும். பலருக்குப் பக்கத்திலேயே குட்டி மண்ணீரல் ஒன்றும் இருக்கும். அதைத் தேடி எடுக்காவிட்டால் பழைய பிரச்சினை திரும்பலாம்.

அப்புறம், மண்ணீரல் போனால் நிமோனியா உண்டாக்கும் நிமோகாக்கஸ் போன்ற கிருமிகளுக்கு எதிரான காவலும் போகிறது. லுக்கேமியாவால் ஏற்கெனவே எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு இது கூடுதல் ஆபத்து. அதனால் குறைந்தது இரண்டு வாரம் முன்னதாகவே நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் (ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயென்சா பி) ஆகிய கிருமிகளுக்கான தடுப்பூசிகளைப் போட்டுவிடுவார்கள். அதற்குப் பிறகும், எத்தனை வருடம் ஆனாலும் சரி, காய்ச்சல் வந்தால் காலைவரை பொறுத்துப் பார்க்கக் கூடாது. அன்றைக்கே, நள்ளிரவானாலும், மருத்துவமனைக்குப் போய் மண்ணீரல் இல்லை என்பதை முதலில் சொல்ல வேண்டும்.