தட்டில் தெரியும் நோய்

யாங்கோன் ஆற்றைத் தாண்டி துவாந்தே, மௌபின் பக்கம் போனால் பெரிய பெரிய மீன் குளங்கள். வளர்ப்பது பெரும்பாலும் ரோகு. வயிறு உப்பி, செதில் சிலிர்த்து, செந்திட்டுகளோடு மீன் ஒதுங்கினால் ஏரோமோனாஸ் ஹைட்ரோபிலா என்ற பாக்டீரியா என்பார்கள். எட்வர்ட்சியெல்லா டார்டா என்ற இன்னொரு பாக்டீரியாவும் ஏறக்குறைய இதே கோலம்தான் காட்டும். பார்த்தவுடன் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு நாள் பொறுத்தால், கிருமி வளர்க்கும் கூழ் ஊற்றிய அகர் தட்டு ஓரளவு சொல்லிவிடும்.

செத்து மிதக்கும் மீன் சோதனைக்கு ஆகாது. குடல் கிருமி அதற்குள் உடம்பெங்கும் பரவியிருக்கும். சாகக் கிடக்கும் மீனின் வயிற்றை ஸ்பிரிட்டால் துடைத்துக் கீறி, காற்றுப்பையை விலக்கினால் முதுகெலும்பை ஒட்டிக் கருஞ்சிவப்புப் பட்டை தெரியும். அதுதான் சிறுநீரகம். புண்ணில் குளத்துக் கிருமியெல்லாம் குடியிருக்கும். சிறுநீரகத்தில் கிடைப்பது பெரும்பாலும் இரத்தத்தோடு வந்தது. தீயில் காட்டி ஆறவைத்த கம்பி வளையத்தை இதில் குத்தி, ரிம்லர்-ஷாட்ஸ் என்ற அகரின் மேல் கோடு இழுப்பார்கள்.

1973இல் வெளியான இந்தக் கிருமி வளர்ப்பு ஊடகத்தில் மால்டோஸ் சர்க்கரை, நிறம் மாறும் அமிலங்காட்டி, இரும்பு உப்பு, தயோசல்பேட், வேண்டாத கிருமிகளை அடக்க நோவோபயாசின் எல்லாம் உண்டு. ஏரோமோனாஸ் மால்டோஸை அமிலமாக்கும், அதன் காலனி (தட்டில் வளரும் கிருமித் திட்டு) மஞ்சளாகும். எட்வர்ட்சியெல்லா ஹைட்ரஜன் சல்பைடு விடும்; அது இரும்போடு சேர்ந்து பச்சைக் காலனியின் நடுவே கரும்பொட்டு வைக்கும். மஞ்சளில் கரும்பொட்டு வந்தால் சிட்ரோபாக்டரைச் சந்தேகிக்கலாம். இதற்கு 35 டிகிரியில் ஒரு நாள் வேண்டும். மின்வெட்டுக்கு நடுவே இன்குபேட்டரை ஓட்டுவது பர்மாவில் தனிக் கலை!

அமிலத்துக்கு ஒரு கெட்ட குணம்: கசிந்து பக்கத்துக் காலனியையும் மஞ்சளாக்கும். நிறம் காட்டும் குரோமோஜெனிக் ஊடகங்கள் இதற்கு வேறு வழி கண்டன. அவற்றில் பலவற்றில் இன்டாக்சில் என்ற மூலக்கூறைச் சர்க்கரையோடு கட்டி வைத்திருப்பார்கள். கட்டு இருக்கும்வரை நிறமில்லை. அதற்கேற்ற நொதி உள்ள கிருமி மட்டும் கட்டை வெட்டும். அவிழ்ந்த இன்டாக்சில் காற்றுப் பட்டதும் இரண்டிரண்டாகச் சேர்ந்து நிறமாகும். அவுரி இலையை ஊறவைத்துக் கடைந்து நீலம் எடுத்ததும் இதே வேதியியல்தான். அந்தச் சாயம் தண்ணீரில் கரையாது, ஆகவே காலனியைவிட்டு நகராது.

ரக்கைன் கரையோர இறால் குளங்களுக்கு இது நல்ல உதவி. விப்ரியோ கிருமிகளை வளர்க்கும் பழைய டிசிபிஎஸ் அகரில் விப்ரியோ பாராஹீமோலிட்டிக்கஸ், விப்ரியோ வல்னிஃபிக்கஸ் இரண்டும் பெரும்பாலும் பச்சைதான். விப்ரியோவுக்கான குரோமோஜெனிக் தட்டில் முன்னது இளம் ஊதா, பின்னது நீலப்பச்சை.

நிறம் துப்புதான், தீர்ப்பல்ல. ரிம்லர்-ஷாட்ஸில் வந்த மஞ்சள் காலனியைச் சாதாரண அகரில் மறுபடி வளர்த்து ஆக்சிடேஸ் நொதி இருக்கிறதா என்று சோதனை செய்ய வேண்டும்: ஏரோமோனாஸ் என்றால் கரும் ஊதா, சிட்ரோபாக்டர் என்றால் மாற்றமில்லை. எந்த மருந்து கேட்கும் என்பதற்கு மருந்து வில்லைகள் வைத்து வேறு சோதனை. சிறுநீரகத்திலிருந்து எதுவுமே முளைக்காவிட்டால் மீன் பேனோ, அபனோமைசிஸ் பூசணமோ காரணமாக இருக்கலாம். ஆன்டிபயாடிக் இவை இரண்டில் எதையும் கொல்லாது. பேன் கண்ணுக்கே தெரியும். தோலிலும் துடுப்படியிலும் தேடிப் பாருங்கள்.