செயற்கை ஃபர் தொப்பி: குழந்தையின் தலையில் வைக்கும் முன்

அமெரிக்காவில் நாடக உடைகளும் குழந்தைகளுக்கான மாறுவேட உடைகளும் தைத்துக் கொடுப்பது என் தொழில். செப்டம்பர் பிறந்துவிட்டால், ஹாலோவீனுக்கும் பள்ளிகளில் முன்னோடிக் குடியேறிகளை நினைவுகூரும் நிகழ்ச்சிகளுக்கும் ரக்கூன் என்னும் வட அமெரிக்க விலங்கின் வால் போன்ற ஒன்று தொங்கும் தொப்பியைக் கேட்டுப் பெற்றோர் வருவார்கள். மேற்கு எல்லைப் பகுதிகளில் வேட்டையாடி வாழ்ந்தவர்களின் அடையாளமாக இன்று கருதப்படும் இந்தத் தொப்பியை, 1836-ல் அலாமோ கோட்டையில் உயிரிழந்த டேவி கிராக்கெட்டின் பெயரோடு சேர்த்துத்தான் எல்லோரும் அறிவார்கள். அவரைப் பற்றி 1954-லும் 1955-லும் ஒளிபரப்பான தொலைக்காட்சித் தொடருக்குப் பிறகு, நாடெங்கும் சிறுவர்கள் இதை அணிந்து திரிந்தார்கள். இதே தொப்பியோடு படங்களில் காட்டப்படும் முன்னோடி வேட்டைக்காரர் டேனியல் பூன் உண்மையில் ஃபெல்ட் (இழைகளை அழுத்திச் செய்த கெட்டித் துணி) தொப்பியையே விரும்பி அணிந்தவர் என்பதை, வேடப் பொருத்தம் பார்க்கும் ஆசிரியர்களுக்கு நான் சொல்வதுண்டு.

அந்தக் காலத் தொப்பி விலங்கின் தோலால் ஆனது. நாம் தைப்பதோ செயற்கை ஃபரால், அதாவது பின்னல் துணியின் மேல் நெருக்கமாக நிற்கும் பிளாஸ்டிக் இழைகளால் ஆனது. இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்ளாமல் துணி வாங்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். இழைகளுக்கு நடுவே காற்று நிறைந்திருப்பதால், மேற்பரப்பில் பட்ட சிறு சுடரும் நொடிகளில் பரவக்கூடும். 1940-களில் குழந்தைகளுக்கு விற்கப்பட்ட கௌபாய் உடைகளில், கால்களை மறைக்கும் பகுதி நீண்ட ரேயான் இழைகளால் ஆனதாக இருந்தது. அது தீப்பற்றிக் குழந்தைகள் உயிரிழந்தார்கள். அதன் பிறகு ரேயான் ஸ்வெட்டர்களும் அவ்வாறே எரிந்ததைத் தொடர்ந்து, எளிதில் தீப்பற்றும் துணிகளைத் தடுக்கும் சட்டம் 1953-ல் இங்கே வந்தது. ஆனால் பலரும் அறியாத ஒன்று உண்டு. அந்தச் சட்டத்தின் கீழ் உள்ள, உடைத் துணிகளுக்கான சோதனை விதியில், முகத்தையும் கழுத்தையும் தோளையும் மூடாத தொப்பிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே, தொப்பிக்கான துணியைச் சோதிக்கும் பொறுப்பு பெருமளவு தைப்பவரிடமே வந்து சேர்கிறது.

தொழிலின் தொடக்க ஆண்டுகளில் நான் தைத்துக் கொடுத்த ஒரு தொப்பி, பிறந்தநாள் கேக்கின் மெழுகுவத்தியை ஊதக் குனிந்தபோது முன்விளிம்பில் கருகித் திரும்பி வந்தது. அருகிலிருந்த தந்தை உடனே கையால் தட்டி அணைத்ததால் குழந்தைக்கு ஒன்றும் நேரவில்லை. விரல் அகலத்துக்கு இழைகள் உருகி, கறுத்த கட்டிகளாகத் துணியோடு ஒட்டியிருந்தன. அந்தத் துணியை வாங்கும்போது நிறத்தையும் விலையையும் மட்டுமே பார்த்திருந்தேன். அன்றிலிருந்து சோதிக்காத துணியை நான் வெட்டுவதில்லை.

சோதனை எளிது, ஆனால் பெரியவர்கள் மட்டுமே செய்ய வேண்டும். துணியிலிருந்து ஒரு சிட்டிகை இழையைப் பிடுங்கி, இரும்பு இடுக்கியால் பிடித்து, தண்ணீர் தேங்கிய ஸ்டீல் தொட்டிக்கு மேலே சுடரில் காட்டுகிறேன். அக்ரிலிக் இழையானால் சுடரை விலக்கிய பிறகும் கரும்புகையோடு எரிந்து, உருகிச் சொட்டி, கடினமான கறுப்பு மணியாக இறுகும். அக்ரிலிக்கின் மாற்று வகையான, எளிதில் எரியாத மோடக்ரிலிக் இழை சுருங்கிக் கருகினாலும், சுடரை எடுத்ததும் தானே அணைந்துவிடும். குழந்தைகளின் தொப்பிக்கு மோடக்ரிலிக் துணியைத்தான், அதிலும் 2 சென்டிமீட்டருக்கு மேற்படாத குட்டை இழையைத்தான் தேர்ந்தெடுக்கிறேன். அதுவும் தீயே பிடிக்காத துணியன்று என்பதை வாங்குபவரிடம் சொல்லிவிடுகிறேன். முடி கருகும் வாடை வந்து, சாம்பல் விரலில் பொடியானால், செயற்கை என்று விற்கப்பட்டது உண்மையான விலங்கு ரோமம் என்று பொருள். அதை அறிய விரும்பும் வாடிக்கையாளர்கள் பலர் இருக்கிறார்கள்.

இனி தையலுக்கு வருவோம். காதுக்குச் சற்று மேலே தலையைச் சுற்றி டேப் வைத்து அளக்க வேண்டும். சுற்றளவு 53 சென்டிமீட்டர் என்றால், லைனிங்குக்காக 2 சென்டிமீட்டர் தளர்வு சேர்த்து 55 என்று கொள்கிறேன். இருபுறமும் தையலுக்கு ஒவ்வொரு சென்டிமீட்டர் விட்டால், பட்டையின் நீளம் 57 ஆகும். உயரம் 12 போதும். 55-ஐ 3.14-ஆல் வகுத்தால் 17.5 வரும், தையலுக்கு விடுவதையும் சேர்த்து, உச்சி வட்டத்தை 19.5 சென்டிமீட்டர் விட்டத்தில் வெட்டுகிறேன். பட்டையில் முடி கீழ்நோக்கியும், உச்சியில் நெற்றியிலிருந்து பின்தலை நோக்கியும் படிய வேண்டும்.

கத்தரிக்கோலை அகலமாகத் திறந்து வெட்டினால் இழைகள் பாதியில் அறுந்து, தையலோரம் மொட்டையாகத் தெரியும். அறை முழுவதும் துகள் பறக்கும். துணியைக் கவிழ்த்துப் போட்டு, பின்புறத்துப் பின்னலை மட்டும் கூரிய பிளேடின் முனையால் மெல்லக் கீறி, இரண்டு பக்கமும் பிரித்தெடுத்தால் இழைகள் முழு நீளத்தோடு விலகி வரும். அப்படியும் சிறிது உதிரத்தான் செய்யும் என்பதால், முகக்கவசம் அணிந்து, குழந்தைகளை அறைக்கு வெளியே வைத்துவிட்டே வெட்டுகிறேன். தைக்கும்போது இழைகளை உள்ளே தள்ளிக் கிளிப் போட்டு, 16-ஆம் எண் ஊசியும் 4 மில்லிமீட்டர் தையல் நீளமும் வைத்து ஓட்ட வேண்டும். முடிந்ததும் தையலில் சிக்கிய இழைகளை ஊசி முனையால் வெளியே இழுத்துச் சீவிவிட்டால், இணைப்பு இருக்கும் இடமே தெரியாது. இஸ்திரிப் பெட்டியை மட்டும் அருகே கொண்டு வரக் கூடாது. லைனிங்குக்குப் பருத்தித் துணிதான் நல்லது. வியர்வையை உறிஞ்சும், சூட்டில் உருகித் தலையில் ஒட்டாது.

வாலுக்கு, வெளிர்சாம்பலும் கருமையுமான பட்டைகளை மாற்றி மாற்றி இணைத்து, எல்லாப் பட்டைகளிலும் முடி நுனியை நோக்கிப் படியுமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். 30 சென்டிமீட்டர் நீளம் போதும். தொப்பி விழாமலிருக்கத் தாடைக்குக் கீழே நாடா வைக்கச் சொல்லும் பெற்றோர்களிடம் நான் மறுத்துவிடுகிறேன். விளையாட்டில் இன்னொரு குழந்தை வாலைப் பிடித்து இழுத்தால், அந்த நாடா கழுத்தை இறுக்கும். நாடாவுக்குப் பதிலாகப் பின்புற லைனிங்குக்குள் நான்கு விரல் நீளத்துக்கு மெல்லிய எலாஸ்டிக் வைத்துத் தைக்கிறேன். கொடுக்கும் முன் குழந்தையின் தலையில் தொப்பியை வைத்து, வாலை நானே ஒருமுறை இழுத்துப் பார்க்கிறேன். தொப்பி உடனே கழன்று கையோடு வராவிட்டால், எலாஸ்டிக்கைப் பிரித்துத் தளர்த்தி மறுபடியும் தைக்கிறேன்.