துளி வடிவ இம்ப்ளான்ட்டும் அதன் சொரசொரப்பும்

பெங்களூரு அல்சூரில் எங்கள் மாடி வீட்டு அக்காவுக்கு, புற்றுநோய்க்காக ஒரு மார்பை எடுத்து ஒன்பது மாதம் ஆகிறது. மார்பைத் திரும்ப அமைப்பது பற்றிப் பேசப் போனபோது நானும் துணைக்குப் போனேன். மார்புக்குள் வைக்கும் சிலிக்கோன் பையான இம்ப்ளான்டின் இரண்டு மாதிரிகளை டாக்டர் மேசைமேல் வைத்தார். ஒன்று வட்டமாக, வழவழவென்று. இன்னொன்று மேலே மெலிந்து, கீழே பருத்த துளி வடிவம். அதன் மேலுறை சொரசொரவென்று இருந்தது. "இதுதான் இயல்பா இருக்கு டாக்டர்" என்று அக்கா துளியைக் கையில் எடுத்தார். யாராக இருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பார்கள். ஆனால் அந்தச் சொரசொரப்பு எதற்கு என்று கேட்காமல் முடிவு செய்யக் கூடாது.

இட்லியை எப்படிச் சுழற்றினாலும் இட்லியாகவே தெரியும். கிளிமூக்கு மாம்பழம் கொஞ்சம் திரும்பினாலும் மூக்கு வேறு பக்கம் போய்விடும். வட்ட இம்ப்ளான்ட் உள்ளே சுழன்றால் வெளியே தெரியாது. துளி வடிவம் சுழன்றால் பருத்த பகுதி பக்கவாட்டில் வந்து மார்பின் உருவமே மாறிவிடும். அதைச் சரிசெய்யப் பெரும்பாலும் இன்னொரு அறுவை சிகிச்சை தேவைப்படும். அதனால் துளி வடிவத்துக்கு இரண்டு ஏற்பாடுகள். உள்ளே இருக்கும் சிலிக்கோன் ஜெல் கெட்டியானது, வடிவம் குலையாது. தொட்டால் சற்று விறைப்பாகவும் இருக்கும். வெளியே சொரசொரப்பான உறை. எந்த அந்நியப் பொருளைச் சுற்றியும் நம் உடல் தழும்புத் திசுவால் ஒரு பை கட்டும். அந்தத் திசு உறையின் நுண்குழிகளுக்குள் வளர்ந்து பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடிதான் துளியைத் திரும்பாமல் நிறுத்துகிறது. நடுவில் நீர் கோத்துக்கொண்டாலோ, டாக்டர் அமைத்த இடம் தளர்வாக இருந்தாலோ பிடி கிடைக்காது.

சிக்கலும் அதே சொரசொரப்பில்தான். இம்ப்ளான்டைச் சுற்றிய அந்தப் பையில் அரிதாக ஒரு லிம்போமா தோன்றுகிறது, ஏ.எல்.சி.எல். என்பார்கள். இது டி செல் எனும் வெள்ளணுக்களின் புற்றுநோய், மார்பகப் புற்றுநோய் வேறு. நோய் வந்தவர்களில் அநேகமாக அனைவருக்குமே சொரசொரப்பான இம்ப்ளான்ட் இருந்திருக்கிறது. நீடித்த அழற்சி, குழிகளில் ஒட்டி வாழும் பாக்டீரியா என்று காரணங்கள் பேசப்படுகின்றன. மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 2011-லேயே இந்தத் தொடர்பைச் சுட்டிக்காட்டியது. 2019 ஜூலையில் அது கேட்டுக்கொண்டதன் பேரில், அலர்கன் நிறுவனம் தன் பயோசெல் வகை சொரசொரப்பு இம்ப்ளான்ட்களை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. அப்போதும், அறிகுறி இல்லாதவர்கள் அவசரப்பட்டு எடுத்துவிட வேண்டியதில்லை என்றே எஃப்.டி.ஏ. சொன்னது. அந்த நிதானம் எனக்குச் சரியாகவே படுகிறது, ஏனென்றால் ஆபத்து சிறியது. ஆனால் புதிதாகத் தேர்ந்தெடுக்கப் போகிறவருக்குக் கணக்கு வேறு. அவர் இந்த ஆபத்தை ஏற்கத்தான் வேண்டும் என்ற கட்டாயம் எதுவுமில்லை.

அப்புறம், வட்டமானதையும் குறைத்து மதிப்பிட வேண்டாம். நிமிர்ந்து நிற்கும்போது அதன் இளகிய ஜெல் புவியீர்ப்பில் கீழே இறங்கி, ஓரளவு துளி வடிவத்தையே கொடுக்கும்.

எந்த வடிவமானாலும் தழும்புப் பை இறுகி மார்பு கல்லாகும் ஆபத்து உண்டு. ரேடியேஷன் எடுத்தவர்களுக்கு அது அதிகம். எங்கள் அக்கா எடுத்தவர். அதனால்தான் டாக்டர் முதுகுத் தசையையோ வயிற்றுத் திசுவையோ கொண்டு அமைப்பதையும் யோசிக்கச் சொன்னார். அது பெரிய அறுவை சிகிச்சை, உடம்பில் இன்னொரு இடத்திலும் தழும்பு விழும். ஆனாலும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய வழி.

இம்ப்ளான்ட் ஆயுளுக்கும் வருவதல்ல. சிலிக்கோன் உறை சத்தமில்லாமல் கிழியலாம் என்பதால், ஐந்தாறு வருடத்தில் எம்.ஆர்.ஐ. அல்லது அல்ட்ராசவுண்டும், பிறகு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறையும் பார்க்கச் சொல்கிறது எஃப்.டி.ஏ. பல வருடம் கழித்து ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்கினால், அது அந்த லிம்போமாவாகவும் இருக்கலாம் என்பதால் உடனே டாக்டரிடம் போக வேண்டும். வீக்கத்தில் கோத்த நீரை ஊசியால் எடுத்து, சி.டி.30 என்ற அடையாளப் புரதம் உள்ள செல்கள் இருக்கின்றனவா என்று சோதிப்பார்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் இம்ப்ளான்டையும் பையையும் முழுதாக எடுப்பதே பெரும்பாலோருக்குப் போதுமான சிகிச்சை. அப்போது டாக்டர் முதலில் கேட்பது எந்த நிறுவனம், எந்த உறை என்பதைத்தான். மாடல், சீரியல் எண் அச்சிட்ட அட்டையை அறுவை சிகிச்சையன்றே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.