ரெஸ்யூமேயில் இடைவெளி விழுந்தால் என்ன எழுதுவது?

படிப்பு முடிந்து ஓராண்டு, ஒன்றரை ஆண்டு வேலையில்லாமல் இருந்தவர்கள் ரெஸ்யூமே எழுத உட்கார்ந்ததும் பயப்படுவது அந்த இடைவெளியை நினைத்துத்தான். அந்தப் பயத்தை வைத்தே சில கன்சல்டன்சிகள் பிழைக்கின்றன. பணம் கட்டினால் போலி எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட், பே ஸ்லிப், ரிலீவிங் லெட்டர் எல்லாம் கைக்கு வந்துவிடும். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள்.

ஆஃபர் கொடுக்கும் நேரத்தில் பல நிறுவனங்கள் பின்னணிச் சரிபார்ப்பு செய்கின்றன. அப்போது உங்கள் பி.எஃப். கணக்குகளை இணைக்கும் 12 இலக்க யு.ஏ.என். எண்ணைக் கேட்பார்கள். எந்த நிறுவனத்தில் என்று சேர்ந்தீர்கள், என்று விலகினீர்கள் என்பது பி.எஃப். சர்வீஸ் ஹிஸ்டரியில் தேதியோடு இருக்கும். சர்டிஃபிகேட்டில் உள்ள கம்பெனி அங்கே இல்லையென்றால் அடுத்து ஃபார்ம் 16 (சம்பளத்தில் வரி பிடித்ததற்கு நிறுவனம் தரும் சான்று), சம்பளம் ஏறிய வங்கி ஸ்டேட்மென்ட் கேட்பார்கள். போலி ஆவணத்தை அசல் என்று காட்டுவது பாரதிய நியாய சன்ஹிதா 340-ஆவது பிரிவின்படி குற்றமும்கூட. 20 பேருக்குக் குறைவானவர்கள் வேலை பார்க்கும் சின்ன கம்பெனியில் உண்மையாகவே இருந்தவர்களுக்கு பி.எஃப். இல்லாமல் இருக்கலாம். அவர்கள் ஆஃபர் லெட்டரையும் வங்கி ஸ்டேட்மென்ட்டையும் பத்திரப்படுத்தி வைக்க வேண்டும்.

இடைவெளியை ஒரே வரியில் எழுதிவிடலாம்: '2023 ஜூன் முதல் 2024 ஆகஸ்ட் வரை: டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குத் தயாரிப்பு.' அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் 'குடும்பக் காரணம்' போதும். மாதத்தை விட்டுவிட்டு வருடம் மட்டும் போட்டால், எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும். மதிப்பெண்ணும் அப்படித்தான். 60 சதவீதம் கேட்கும் இடத்தில் 59.4-ஐ 60 ஆக்காதீர்கள். சேரும் நாளில் மார்க் ஷீட் கேட்பார்கள்.

அனுபவம் இல்லாதவருக்குப் பலமே ப்ராஜெக்ட்தான். அதைத்தான் பலரும் 'தானியங்கிப் பாசனம், ஆர்டுயினோ' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். இப்படி எழுதிப் பாருங்கள்: 'நான்கு பேர் குழு. மண் ஈரப்பத சென்சாரின் அளவைப் படித்து மோட்டாரை ஆன், ஆஃப் செய்யும் நிரலை எழுதியது நான். சில வாரங்களில் சென்சாரின் கம்பி அரித்து ரீடிங் மாறியதால், படிக்கும் நேரத்தில் மட்டும் அதற்கு மின்சாரம் போகும்படி மாற்றினோம்.' வேலை செய்தவருக்குத்தான் இது தெரியும். நேர்காணலில் கேள்வியும் இங்கிருந்தே வரும். நண்பர் செய்த பகுதியை உங்கள் பெயரில் போட்டிருந்தால் இரண்டாவது கேள்வியிலேயே திணறுவீர்கள்.

அப்பா பெயர், மதம், ஆதார் எண், பான் எண் எதுவும் வேண்டாம். ஃப்ரெஷருக்கு ஒரு பக்கம் போதும்.

பக்கத்தை நெடுவரிசைகளாகப் பிரித்த அலங்கார டெம்ப்ளேட் எடுத்தால் ஒரு சோதனை செய்யுங்கள். பி.டி.எஃப்.-ஐத் திறந்து எல்லாவற்றையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டுங்கள். கல்லூரிப் பெயர் ஒரு பக்கமும் வருடம் இன்னொரு பக்கமும் சிதறினால், ரெஸ்யூமேயை வடிகட்டும் மென்பொருளுக்கும் அப்படியே போய்ச் சேர வாய்ப்புண்டு. ஒரே நெடுவரிசையாக மாற்றிவிடுங்கள்.

ஏற்கெனவே தவறான தேதியோடு அனுப்பிவிட்டீர்களா? சரிபார்ப்புப் படிவம் வரும்வரை காத்திருக்காமல், திருத்திய ரெஸ்யூமேயை இணைத்து ஹெச்.ஆருக்கு இன்றே மெயில் போடுங்கள். எந்த வரி மாறியிருக்கிறது என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.